தார், கட்ச் பாலைநிலத்துப் புதைபடிவங்கள்: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மர் பகுதிகளையும் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தையும் பற்றிய கேள்விகள் இவை. அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், போய்விட்டுக் கையில் ஒரு கல்லோடு திரும்பியவர்கள், வீட்டு அலமாரியில் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரி) வைத்திருப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினருக்கும் பதில் இருக்கிறது.

பாலைவனத்தில் மட்டும் எப்படி இவ்வளவு புதைபடிவம் கிடைக்கிறது? தண்ணீர் இல்லாமல் செத்த விலங்குகளா?

இல்லை. அவை வாழ்ந்தபோது அங்கே பாலைவனமே கிடையாது. 18 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜெய்சல்மேரில் பெருமரக் காடு இருந்தது. அதன் பின் கடல் உள்ளே வந்து, பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் சுண்ணாம்புக்கல், மணற்கல் அடுக்குகளை விட்டுச் சென்றது. கட்சும் ஜுராசிக் காலத்தில் ஆழமற்ற கடல்தான். தார் மணல் மேடுகளின் வயது லட்சக்கணக்கான ஆண்டுகள் மட்டுமே; இந்தக் கணக்கில் அது நேற்று நடந்தது.

பாலைவனம் புதைபடிவத்தை உண்டாக்குவதில்லை, மூடாமல் வைத்திருக்கிறது. செடி, கொடி, தடித்த மண் ஏதும் இல்லாததால் பாறை வெளியே தெரிகிறது. காற்றும் எப்போதாவது பெய்யும் கனமழையும் மேற்பரப்பைச் சுரண்டிப் புதிய எலும்புகளை வெளிக்காட்டுகின்றன. அதே பாறை மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் இருந்திருந்தால் காட்டுக்கும் செம்மண்ணுக்கும் அடியில் யார் கண்ணுக்கும் படாமல் கிடந்திருக்கும்.

அப்படியானால் ஜெய்சல்மேர் அருகே உள்ள 'சம்' மணல் மேட்டில் தோண்டினால் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்காது. ஒட்டகச் சவாரி போகும் மணல் அண்மைக் காலத்தது. தேட வேண்டியது மணலுக்கு அடியில் உள்ள, அல்லது மணல் விலகிய இடங்களில் தலைகாட்டும் பாறையில். மஞ்சள் சுண்ணாம்புக்கல் திட்டுகள், ஓடைக் கரைகள், கல் குவாரிகள், பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் ஆகியவைதான் ஆய்வாளர்கள் போகும் இடங்கள்.

இதுவரை என்னென்ன விலங்குகள் கிடைத்திருக்கின்றன?

பட்டியல் நீளம். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறோம்.

ஜெய்சல்மேருக்கு அருகே ஜெத்வாய் கிராமத்தில் கிடைத்தது தாரோசாரஸ் இண்டிகஸ். நீள் கழுத்துத் தாவர உண்ணி டைனோசர், 16.7 கோடி ஆண்டுகள் பழைமையானது. டைக்ரியோசாரிட் என்ற குடும்பத்தில் உலகில் இதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பழையது இதுதான். ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் ரூர்க்கி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2023-இல் அறிவித்தன. அதே வட்டாரத்திலிருந்து ஸ்ட்ரோஃபோடஸ் ஜெய்சல்மேரென்சிஸ் என்ற சுறாவின் பற்கள் 2021-இல் விவரிக்கப்பட்டன. கூர்மையாகக் கிழிக்கும் பற்கள் அல்ல. ஓடுள்ள உயிர்களை நொறுக்கித் தின்னும் தட்டைப் பற்கள். தாயட் என்ற ஊருக்கு அருகே மூன்று விரல் கொண்ட ஊன் உண்ணி டைனோசர்களின் காலடித் தடங்கள் உள்ளன. பெரிய தடம் சுமார் 35 செ.மீ., சிறியது 5.5 செ.மீ. மட்டுமே.

கட்சில் லோடாய் கிராமத்தருகே இக்தியோசார் ஒன்றின் ஏறத்தாழ முழு எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 5.5 மீட்டர் நீளமுள்ள கடல் ஊர்வன. டெல்லி பல்கலைக்கழகத்தின் குண்டுபள்ளி பிரசாத் தலைமையிலான குழு 2017-இல் வெளியிட்டது. மேற்குக் கட்சின் பாறைகள் இன்னும் இளையவை. அங்கே நாலு காலோடு நீந்திய ஆதித் திமிங்கிலங்களின் எலும்புகள் வருகின்றன: ரெமிங்டனோசீட்டஸ், கட்சிசீட்டஸ், ஆண்ட்ரூசிஃபியஸ். திமிங்கிலம் நிலத்திலிருந்து கடலுக்குப் போன வழியைக் காட்டும் சான்றுகளில் இந்தியாவும் பாகிஸ்தானும் தருபவைதான் உலகிலேயே சிறந்தவை. டைனோசருக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை என்பது எங்கள் மனக்குறை.

வாசுகி பாம்பு 15 மீட்டர் என்கிறார்கள். முழுப் பாம்பும் கிடைத்ததா?

இல்லை. கட்சின் பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தவை 27 முள்ளெலும்புகள். 2005-இல் எடுக்கப்பட்டு, நெடுங்காலம் முதலை எலும்பு என்ற எண்ணத்தில் கிடந்தவை. வாசுகி இண்டிகஸ் என்ற பெயரில் 2024-இல் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் வெளியிட்டார்கள். வயது 4.7 கோடி ஆண்டுகள்.

நீளத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்றால், இன்று வாழும் பாம்புகளில் முள்ளெலும்பின் அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சமன்பாடாக்கி, அதில் இந்த எலும்பின் அளவைப் போடுவார்கள். வாசுகியின் மிகப் பெரிய முள்ளெலும்பின் அகலம் 111 மி.மீ.; ஏறத்தாழ நான்கரை அங்குலம். ஒரு கணக்கு முறையில் 10.9 முதல் 12.2 மீட்டர், இன்னொன்றில் 14.5 முதல் 15.2 மீட்டர் வருகிறது. ஆகவே சரியான பதில் "11 முதல் 15 மீட்டருக்குள்" என்பதுதான். செய்தித்தாள்கள் மேல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. இந்த அளவுள்ள குளிர் ரத்தப் பிராணி வாழ அன்றைய ஆண்டுச் சராசரி வெப்பம் 28 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். சென்னையின் இன்றைய சராசரியும் ஏறத்தாழ அதுதான்.

கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கார்பன் முறையில் அளக்கிறார்களா?

கார்பன்-14 சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. கட்ச், ஜெய்சல்மேர் அடுக்குகளுக்குக் கடிகாரம் அம்மோனைட்தான். ஒவ்வொரு இனமும் சில லட்சம் ஆண்டுகளே வாழ்ந்து மறைந்ததால், எலும்பு இருக்கும் அடுக்கில் எந்த அம்மோனைட் இருக்கிறது என்று பார்த்தால் காலம் தெரிந்துவிடும். இளைய பாறைகளில் இந்த வேலையை ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் கடல் உயிரிகளின் நுண்ணிய ஓடுகள் செய்கின்றன. கட்ச் அம்மோனைட்டுகளை 1870-களில் விவரித்தவர் வில்லியம் வாகன். அவருக்கு மாதிரி சேகரித்துத் தந்த ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்காதான் நம் அரியலூர், திருச்சிப் பகுதியின் கிரெட்டேசியஸ் (ஜுராசிக்குக்கு அடுத்த காலம்) சிப்பி, நத்தை வகைகளையும் விவரித்தவர்.

இங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல் வருகிறது. அடுக்கிலிருந்து பிடுங்கி எடுத்த எலும்புக்கு வயது சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த சிப்பியை விட்டுவிட்டு எலும்பை மட்டும் கொண்டுவந்தால் பாதி ஆய்வு அங்கேயே நின்றுபோகும்.

சென்னையிலிருந்து போய் நேரில் எதைப் பார்க்கலாம்?

ஜோத்பூர் வரை ரயிலோ விமானமோ. அங்கிருந்து ஜெய்சல்மேர் சாலை வழி சுமார் 280 கி.மீ. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும்.

ஜெய்சல்மேரிலிருந்து பார்மர் சாலையில் 17 கி.மீ. தொலைவில் ஆகல் மரப் புதைபடிவப் பூங்கா. 21 ஹெக்டேர் பரப்பு. தேசிய புவியியல் சின்னம். கல்லாய்ப் போன அடிமரங்கள் கிடந்த இடத்திலேயே கம்பிக் கூண்டும் கூரையும் போட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளன. பெரியது 13 மீட்டருக்கு மேல் நீளம். ஒரு மணி நேரம் போதும். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள்.

டைனோசர் எலும்பைப் பார்க்கலாம் என்று ஜெத்வாய்க்கோ, வாசுகியைப் பார்க்கலாம் என்று பனந்த்ரோவுக்கோ போகாதீர்கள். எலும்புகள் இப்போது அங்கே இல்லை. சுரங்கத்துக்குள் அனுமதியின்றி விடமாட்டார்கள். கட்சில் வெள்ளை ரண் எனப்படும் உப்புச் சமவெளிக்கும், ஜெய்சல்மேர் எல்லையோரக் கிராமங்களுக்கும் தனி அனுமதி வேண்டும்.

நடக்கும்போது எலும்பு மாதிரி ஒன்று தென்பட்டால்?

தொடாதீர்கள். கீழே உள்ளபடி பதிவு செய்யுங்கள்.

முதலில் பக்கத்தில் 10 ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. என்பதால் அளவுகோலாகும். நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் இரண்டு, அந்தப் பாறை முழுதும் தெரிய ஒன்று, சுற்றுப்புறத்தோடு சேர்த்து ஒன்று. நண்பகல் வெயிலில் எடுத்தால் எலும்பின் மேடு பள்ளம் தெரியாது. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல் சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள். கைப்பேசி வரைபடத்தில் அந்தப் புள்ளியை அழுத்தினால் வரும் தசம எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். கோப்பாக இணைத்து ஜி.எஸ்.ஐ.க்கு அனுப்புங்கள்.

எலும்புதானா என்று தெரிய, உடைந்த முனையை லென்ஸில் பாருங்கள். உள்ளே தேன்கூடு போன்ற நுண்துளைகள் இருந்தால் எலும்பு. கரும் பெரணி இலை போலப் பாறையில் படர்ந்திருந்தால் அது செடி அல்ல, மாங்கனீசு படிவு. உருண்டையாக இருந்து, உடைந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி உரிந்திருந்தால் அது வெறும் கனிமத் திரட்டு. முட்டை என்று வரும் படங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாகப் பரவிய படங்களும் அம்மோனைட் சார்ந்த திரட்டுகள் என்றுதான் முடிந்தது.

சின்னதாக ஒன்றை எடுத்து வந்தால் சட்டப்படி குற்றமா?

புதைபடிவங்களுக்கென்றே தனிச் சட்டம் இல்லை. 2022-இல் ஒரு வரைவு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆனால் ஆகல் பூங்கா, பாலைவனத் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயங்கள், சுரங்கக் குத்தகை நிலம் ஆகிய எதிலும் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. தனியார் நிலத்திலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். எங்கள் கருத்து: முதுகெலும்புள்ள விலங்கின் எதையும், பல் உட்பட, சட்டம் எப்படியிருந்தாலும் எடுக்காதீர்கள்.

வல்லுநர்கள் எலும்பை எப்படி வெளியே எடுக்கிறார்கள்?

எலும்பைத் தனியாக உருவுவதில்லை. சுற்றியுள்ள பாறையோடு ஒரு கட்டியாக எடுப்பார்கள்.

விரிசல் விட்ட எலும்புக்கு முதலில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை ஊட்டுவார்கள். ஒரு லிட்டர் அசிட்டோனுக்கு 50 கிராம். 5 சதவீதக் கரைசல். மணி மணியாக வரும் பிசினை மெல்லிய துணியில் முடிந்து கண்ணாடி ஜாடிக்குள் தொங்கவிட்டால் ஒரு இரவில் கரையும். அடியில் கொட்டினால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பாலைவனத்தில் நடக்கும் வழக்கமான தவறு, வெயிலில் இதைப் பூசுவது. அசிட்டோன் உடனே ஆவியாகிப் பிசின் மேலே பளபளவென்று தோலாக நின்றுவிடும், உள்ளே இறங்காது. பிறகு அந்தத் தோல் எலும்பின் மேற்பரப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். விடியற்காலையில், நிழல் கட்டி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

அடுத்து, எலும்பைச் சுற்றி அகழி போல வெட்டி, காளான் தண்டு மாதிரி ஒரு பீடத்தின் மேல் நிற்க விடுவார்கள். ஈரமான டிஷ்யூ தாளை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுவது அவசியம். அது இல்லாவிட்டால் பிளாஸ்டர் எலும்போடு பிடித்துக்கொள்ளும். பின் 10 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளத்தில் கிழித்த சாக்குத் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்து, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றுவார்கள். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தூள் நீர்மட்டத்துக்கு மேல் தீவு தீவாக நிற்கத் தொடங்கினால் அளவு சரி. வெந்நீரும் உப்புநீரும் பிளாஸ்டரை வேகமாக இறுக்கிவிடும். ரண் பகுதியின் உப்புக் கிணற்று நீரில் கலக்கினால் துணியைத் தோய்ப்பதற்குள் வாளியிலேயே கட்டியாகிவிடும். இறுகியதும் மேல்புறம், வடக்குத் திசை, அடுக்கு எண் ஆகியவற்றை உறைமேல் எழுதிவிட்டுத்தான் பீடத்தை அறுத்துக் கவிழ்ப்பார்கள்.

ஃபெவிகால் போட்டால் என்ன?

வேண்டாம். நீரில் கலந்த பசை என்பதால் களிமண் சார்ந்த பாறை நீரை உறிஞ்சி உப்பி விரியும். காலப்போக்கில் மஞ்சளித்து, திரும்பக் கரைத்தெடுப்பதும் கடினமாகும். பி-72-ஐ எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனில் கரைத்து எடுக்கலாம்.

உரிய காலத்தில் பதப்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடித் தாருக்குப் போக வேண்டாம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்கயோசாரஸ், பூமியில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாக இருக்கலாம். 1980-களில் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்தார்கள். அந்த எலும்புகள் களத்திலேயே நொறுங்கத் தொடங்கி, ஜி.எஸ்.ஐ.க்கு வந்து சேரும் முன்பே அழிந்துபோயின. மிஞ்சியவை படங்களும் அளவுகளும்தான்.

கட்ச் அம்மோனைட்டைச் சென்னை வீட்டில் வைத்திருக்கிறேன். வெள்ளையாகப் பூக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் உப்பு. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது.

கட்ச் பாறையின் நுண்துளைகளில் உப்பும் ஜிப்சமும் இருக்கும். வறண்ட ஊரில் அவை சும்மா கிடக்கும். சென்னைக் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போகும்போது சாதாரண உப்பு நீரை இழுத்துக் கரையும், ஏ.சி. போட்டதும் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் படிகம் விரிந்து துளையின் சுவரைத் தள்ளும். ஓட்டின் மேல்தோல் செதில் செதிலாக உதிர்வது இதனால்தான். ஏ.சி.யை இரவில் போட்டுப் பகலில் அணைக்கும் அறைதான் மிக மோசமான இடம்.

கெட்டியான சுண்ணாம்புக்கல் மாதிரியாக இருந்தால் உப்பை எடுக்கலாம். வடிகட்டிய நீரில் முழுக ஊறவைத்து நாளுக்கொரு முறை மாற்றுங்கள். ஊற்றும் முன்பும், மறுநாள் கொட்டும் முன்பும் டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றானால் போதும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலேயே உப்பு இருக்கிறது. பிறகு நிழலில் மெதுவாக உலரவிடுங்கள்.

களிமண் பாறை, எலும்பு, பொன்னிறப் புள்ளிகள் உள்ள மாதிரி ஆகிய மூன்றையும் நனைக்காதீர்கள். பொன்னிறம் என்றால் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பழுப்பு நிலக்கரி சுரங்கங்களிலிருந்து வருபவற்றில் இது அதிகம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் சிதைந்து கந்தக அமிலமாகும். சாம்பல் அல்லது மஞ்சள் தூளும் கந்தக வாடையும் வந்தால், அந்த மாதிரியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கீழே இருக்கும் அட்டையும் கருகத் தொடங்கியிருக்கும்.

பாதுகாக்க எளிய வழி, ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா. 10 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 45 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். நிறம் மாறும் ஆரஞ்சு ஜெல் வாங்குங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு. நிறம் மாறினால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்திப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவை அடிக்கடி திறக்காதீர்கள்.

வீட்டில் பி-72 பூசுகிறவர்களுக்கு இன்னொன்று: மழைக்காலத்தில் பூசினால் அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, பூச்சு பால் போல வெளுக்கும். வறண்ட நாளில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். பக்கத்தில் ஊதுவத்திகூடக் கூடாது.

ஹாபூர் கல் கிண்ணத்தில் பால் ஊற்றினால் உறை இல்லாமல் தயிராகுமாமே?

ஜெய்சல்மேர் கடைகளில் விற்கும் மஞ்சள்-பழுப்புச் சுண்ணாம்புக்கல் அது. ஹாபூர் கிராமத்திலிருந்து வருகிறது. குறுக்கே வெட்டிய சிப்பிகளின் வளைவுகள் மேற்பரப்பில் தெரியும். கல்லாக அது உண்மையான புதைபடிவச் சுண்ணாம்புக்கல், அழகானது, வாங்கலாம்.

தயிர் விஷயத்துக்கு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே பாலைக் காய்ச்சி ஆறவைத்து, கிண்ணத்தில் பாதி, நன்கு கழுவிய எவர்சில்வர் டம்ளரில் பாதி, இரண்டையும் மூடி ஒரே இடத்தில் வையுங்கள். சென்னை வெக்கையில் இரண்டுமே திரியும். முந்தைய தயிரின் மிச்சம் கல்லின் துளைகளில் இருந்தால் கிண்ணம் முந்திக்கொள்ளும், அது உறைதான். தயிரின் புளிப்பு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் என்பதால் தினமும் பயன்படுத்தினால் சிப்பிக் கோலம் மங்கிவிடும்.

ஆன்லைனில் வாங்கும் புதைபடிவம் அசலா என்று எப்படிச் சோதிப்பது?

பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். குமிழ்க் குழிகள் இருந்தால் அச்சில் வார்த்த பிசின். அடிப்பாகத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்புக்கல் மெதுவாக நுரைக்கும், பிசின் நுரைக்காது. ஆனால் மணற்கல்லும் சிலிக்காவாக மாறிய மரமும் நுரைக்காது. அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் கண்ணில் படாத மூலையில் வைத்தால் பிசின் உருகி பிளாஸ்டிக் வாடை வரும். ஒரே தட்டில் பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் வரிசையாக, முழுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்று. "ராஜஸ்தான்" என்று மட்டும் சொன்னால் அது அலங்காரக் கல். அந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ராஜஸ்தான் போகாமல் பிள்ளைகளுக்கு இங்கேயே காட்ட முடியுமா?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் புவியியல் பிரிவு இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவில் 2 கோடி ஆண்டு பழைய கல்மரம் ஒன்று உண்டு. ஒரு நாள் ஒதுக்கினால் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை போகலாம். அங்கே சுமார் 200 கல்மரங்கள். ஆகலைவிட எண்ணிக்கையில் அதிகம், வயதில் இளையவை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் ஒற்றை மரம் 18 மீட்டர் நீளம், 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. காரை கிராமத்தின் செந்நிறக் களிமண் சரிவுகள் பார்க்கப் பாலைவனம் போலவே இருக்கும்.

பல்லாவரம், பரங்கிமலையில் மட்டும் தேடாதீர்கள். அது சார்னோகைட், பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் உருவான பாறை, ஓடும் எலும்பும் உள்ள விலங்குகள் தோன்றுவதற்கு மிக முந்தையது. சென்னைக்கு அருகில் வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வெண்களிப்பாறையில் டைனோசர் காலத்து இலைப் பதிவுகள் உண்டு. முன்பு வெளியே தெரிந்த இடங்கள் பலவற்றின் மேல் இப்போது தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் வந்துவிட்டதால், கிணறு வெட்டும் இடத்திலோ அஸ்திவாரக் குழியிலோ உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, வெளியே கொட்டிய மண்ணைப் பார்ப்பதுதான் வழி. குழிக்குள் இறங்காதீர்கள், ஈரமான களிப்பாறை முன்னறிவிப்பின்றிச் சரியும்.